படிப்பும் பிழைப்பும்

இராமநாதபுரம் ஜில்லாக் கல்லூரிகளிலிருந்து வருஷந்தோறும் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறுகிற பிள்ளைகளில் யாரையாவது நிறுத்தி வைத்து, “மூன்று வருஷம் படித்தீர்களே, உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டால், அவர்களில் பெரும்பாலோர் தலையைக் குனிந்துகொண்டு, “பி.ஏ. முடித்திருக்கிறேன்”, “பி.எஸ்ஸி. முடித்திருக்கிறேன்” என்றுதான் பதில் சொல்லுவார்கள். கேட்ட கேள்வி என்ன தெரியும் என்பது. வருகிற பதில் எதை முடித்தோம் என்பது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தால் நமது பிள்ளைகளுக்கு வருகிற கேட்டைப் பற்றியே இவ்வாரம் சிறிது எழுத ஆசைப்படுகின்றோம்.

சென்ற மாதம் இராமேஸ்வரம் தீவில் நமது தோழர்கள் சிலர் கூடியிருந்த இடத்திற்கு வணிகவியல் மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு மாணவர் வந்திருந்தார். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு கம்பெனிக்கு அனுப்புவதற்கென்று விண்ணப்பத் தாள் ஒன்றைப் பூர்த்தி செய்துகொண்டு வந்து, அதில் இங்கிலீஷ் பிழையிருந்தால் திருத்தித் தரும்படி கேட்டார். பெயர், ஊர், மார்க்கு எல்லாம் சரியாகவே இருந்தன. “திறமைகள்” என்று கண்டிருந்த இடத்தில் மாத்திரம் குறுக்கே ஒரு கோடு கிழித்து விட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “எனக்கு அப்படி ஒன்றும் இல்லை ஐயா, கம்ப்யூட்டர் வகுப்புக்குக்கூடப் போனதில்லை” என்றார்.

பேச்சுவாக்கில் விசாரித்தபோது தெரிய வந்ததாவது: தகப்பனார் போகிற விசைப்படகின் கணக்கை இரண்டு வருஷமாக இந்தப் பிள்ளைதான் எழுதி வருகிறார். டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, ஆட்களின் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு, வலை கிழிந்ததற்கு எவ்வளவு, கரைக்கு வந்ததில் எந்த ரகம் என்ன விலைக்குப் போயிற்று, சம்மாட்டியிடம் யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார், செலவு போக நின்றதில் படகுக்கு என்ன பங்கு, ஆளுக்கு என்ன பங்கு, இத்தனையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. ஒரு தடவை பங்கில் தகராறு வந்து ஆட்கள் கடலுக்குப் போக மறுத்தபோது, இவர் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்டி, தம்முடைய கூட்டலில்தான் தப்பு விழுந்திருக்கிறது என்பதைத் தாமே கண்டுபிடித்துச் சொல்லி, சமாதானம் செய்து வைத்திருக்கிறார்.

“இதையெல்லாம் ஏன் தம்பி எழுதவில்லை?” என்றோம்.

“அது வீட்டு வேலைதானே ஐயா” என்றார்.

தோழர்களே! இந்தப் பதிலை அந்தப் பிள்ளையின் அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குள்ளே நமது நாட்டு வர்ணாசிரமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கையால் செய்கிறவன் ஒருவன், அறிவுடையவன் வேறொருவன் என்று பிரித்து, செய்கிறவனுக்கு அறிவு என்ற பெயரையே கொடுக்கக்கூடாதென்று வைத்த ஏற்பாடு அல்லவா அது? காற்று வாடையா கொண்டலா என்று முகத்தில் பட்டவுடனே சொல்லுகிறவனுக்குக் “கடற்கரை ஆள்” என்று பெயர். அர்த்தம் தெரியாததை ஆயிரம் தடவை ஒப்பிக்கிறவனுக்குப் “பண்டிதன்” என்று பெயர். பின்னால் வெள்ளைக்காரன் வந்து 1857-ல் சென்னையில் பல்கலைக்கழகம் வைத்தபோது, அவனுக்கு வேண்டியிருந்ததும் பெரும்பாலும் குமாஸ்தாவாகவே இருந்தபடியால், ஒப்பிக்கிற பழக்கம் அப்படியே பரீட்சைக்குள் குடியேறிவிட்டது. சுலோகத்துக்குப் பதிலாக நோட்ஸ் வந்தது; அவ்வளவுதான் மாறுதல். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருஷமாகக் கணக்கியல் சொல்லிக் கொடுத்த உபாத்தியாயர்களுக்கே, தங்கள் வகுப்பில் ஒரு படகின் வரவு செலவை வைத்துக்கொண்டிருக்கிற ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

உத்தியோகத்தைப் பற்றி நாம் பேசுவதைக் கண்டு சிலர் நகைக்கலாம். 1921-ல் நீதிக்கட்சி மந்திரிசபை வகுப்புவாரி உத்தரவைப் பிறப்பித்த காலந்தொட்டு உத்தியோகத்தில் பங்கு கேட்டவர்கள் நாம். அதற்காக நாம் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை, இனியும் கேட்போம். ஆனால் பங்கு கேட்டு வாங்கிய வாசற்படியில் இன்றைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா? 2024-ஆம் வருஷம் தமிழ்நாடு தேர்வாணையம் நான்காம் தொகுதியில் 6,244 இடங்களுக்கு விளம்பரம் செய்தது. அதற்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பம் போட்டார்கள். பத்தாவது படித்திருந்தால் போதும் என்கிற பரீட்சை அது. அதை எழுதப் போனவர்களில் பட்டதாரிகள் எத்தனை பேர் என்பது ஊர்தோறும் நாம் கண்ட சங்கதி. மற்றொரு பக்கம், மத்திய சர்க்காரின் 2021-22 கணக்குப்படி, உயர்கல்விக்குரிய வயதுள்ளவர்களில் 100-க்கு 47 பேர் என்ற அளவுக்கு இந்த நாட்டில் கல்லூரிப் படிப்பு பரவியிருக்கிறது. இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது 28 சொச்சம்தான். இது நமது இயக்கம் பட்ட பாட்டின் பலன் என்று பெருமையாகவே சொல்லுகின்றோம். அந்த 47 பேரும் 6,244 நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நிற்பார்களானால் அந்தப் பெருமையை என்ன செய்வது?

இந்த நெருக்கடியில் ஜோசியனுக்கும் பூசாரிக்கும் நல்ல வியாபாரம். எந்தப் பாடம் எடுக்கலாம் என்பதற்கு ஜாதகம். எப்போது வேலை வரும் என்பதற்குப் பரிகாரம். இராமேஸ்வரம் கோவிலின் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு வேலைக்கு வேண்டிக்கொள்ளுகிற பட்டதாரிகளை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். தர்காவிலும் மாதா கோவிலிலும் இதே காட்சிதான். நமக்கு இதில் மத வித்தியாசம் இல்லை. 22 கிணற்றுத் தண்ணீரில் எதிலாவது, “நீ மூன்று வருஷத்தில் எதைச் செய்யப் பழகினாய்?” என்கிற கேள்விக்கு விடை கரைந்திருக்குமானால் நாமும் இரண்டு வாளி ஊற்றிக்கொள்ளத் தயார். 1914-ல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய புதுப் பாலத்தை 2025 ஏப்ரல் 6-ந் தேதி ராமநவமி நாள் பார்த்துத் திறந்தார்கள். கப்பல் வந்தால் அதன் நடுப்பாகம் 72 மீட்டர் நீளத்துக்கு அப்படியே மேலே எழும்புகிறதே, அது நவமி பார்த்து எழும்புவதில்லை. எஞ்சினீயரும் வெல்டரும் எலெக்ட்ரீஷியனும் கணக்குத் தவறாமல் செய்த வேலையால் எழும்புகிறது. பக்கத்துக் கல்லூரிகளில் பௌதிகம் படிக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், அது எப்படி எழும்புகிறது என்பதை ஒரு நாள் காட்டி எழுதச் சொன்னால், அது ஒரு பரீட்சைத் தாளுக்குச் சமானமாகும்.

நிற்க, இந்தக் கரையில் பிறந்த அப்துல் கலாம் அவர்களை உதாரணம் காட்டாத பேச்சாளரே இல்லை. பேக்கரும்பில் 2017-ல் திறந்த நினைவகத்துக்குத் தாய் தகப்பன்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், “கனவு காண்” என்று சொல்லி அழைத்து வருகிறார்கள். அவருடைய பக்தி நமக்கு உடன்பாடல்ல. அது அவர் பாடு. அவர் தம் வரலாற்றில் தாமே எழுதி வைத்திருக்கிற விஷயங்களையல்லவா பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்? யுத்த காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடுகிற வண்டியிலிருந்து எறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்ப்பது அவருடைய முதல் சம்பாத்தியம். தகப்பனார் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லப் படகு கட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அப்படிப்பட்டவருக்கே, திருச்சியில் பௌதிகம் படித்து முடிக்கிற சமயத்தில்தான் அது தமக்கேற்ற துறையல்ல, எஞ்சினீயரிங்குக்குப் போயிருக்க வேண்டும் என்பது புலப்பட்டதாம். பிறகு சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப் பணமில்லாமல், தமக்கையார் தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். காலத்தில் தெரிந்துகொள்ளாததற்கு ஒரு ஸ்திரீ தன் நகையைக் கழற்ற வேண்டியதாயிற்று. எத்தனை வீடுகளில் கழற்றுவதற்கு நகை இருக்கிறது? அங்கே அவர் செய்த விமான வரைபடம் சரியில்லையென்று பேராசிரியர் மூன்று நாள் கெடு வைத்தார். இரவு பகலாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். கெடுவுக்குள் வேலையை முடிப்பது, பிழை என்றால் திருத்துவது, நாலு பேரோடு சேர்ந்து செய்வது, இவற்றையெல்லாம் அவர் கனவில் கற்றுக்கொள்ளவில்லை.

இந்தக் கடற்கரையில் இப்படிப்பட்ட தேர்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஏற்ற வற்றம் பார்த்து, மூச்சை அடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். எந்தப் பாசி எந்தப் பாரில் எந்த மாதத்தில் முற்றும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பெற்ற பெண் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். தாயிடம் உள்ளதும் தாவரவியல்தான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அம்மாவின் சுய உதவிக் குழுவுக்குத் தீர்மானப் புத்தகமும் பாஸ்புத்தகமும் அவள்தான் எழுதுகிறாள். பாங்கிக்குப் போய் மானேஜரிடம் பேசுகிறவளும் அவளே. அவளும் விண்ணப்பத்தில் கோடுதான் கிழிப்பாள். கோவில் வீதியில் லீவு நாளில் சங்கும் சோழியும் விற்கிற பிள்ளைகள் இந்தியும் தெலுங்கும் வங்காளமும் சரளமாகப் பேசுகிறார்கள். (1938-ல் இந்தியைக் கட்டாயமாக்கினவர்கள் இந்தக் கடைவீதிக்கு வந்து பார்த்திருக்கலாம். பிழைப்புக்கு வேண்டியபோது தானாகவே வந்துவிடுகிற பாஷைக்குச் சட்டம் எதற்கு? அது கிடக்கட்டும்.) நாலு பாஷைக்காரரிடம் பேரம் பேசி, கோபித்தவனைச் சமாதானம் செய்து, கடையைச் சாத்தும்போது கணக்கை ஒப்படைக்கிறவன், நேர்முகத் தேர்வில் வாயடைத்து நிற்கிறான் என்றால், குறை அவன் வாயிலா இருக்கிறது?

இங்கே ஒரு எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. “திறன், திறன்” என்று இப்பொழுது டில்லியிலிருந்தும் பெரிய கம்பெனிகளிலிருந்தும் வருகிற கூச்சலில் எல்லாம் ஒரே சரக்கு அல்ல. 1953-ல் ராஜகோபாலாச்சாரியார், கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கு வந்தால் போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு நாடு முழுவதும் எதிர்த்தோம். 1954-ல் அவர் பதவியும் போயிற்று, காமராசர் வந்தவுடனே திட்டமும் போயிற்று. போனது திரும்பி வராதென்று யாரும் சும்மா இருந்துவிட முடியாது. 2023 செப்டம்பர் 17-ந் தேதி மத்திய சர்க்கார் ஆரம்பித்த விஸ்வகர்மா திட்டத்தில் குடும்ப வழியாகச் செய்துவரும் 18 தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் உண்டு. அந்தப் பதினெட்டில் படகு கட்டுவதும் மீன்வலை பின்னுவதும் இருக்கின்றன. வயது 18 ஆனால் சேரலாம். பதினெட்டு வயது எந்த வயது? பள்ளிப் படிப்பை முடித்து ஒரு பிள்ளை கல்லூரிக்குள் கால் வைக்கிற வயது! அந்த வயதில், “கடன் தருகிறேன், உன் அப்பன் வலைக்கே திரும்பிப் போ” என்று சொல்லுவதற்குப் பெயர் திறன் வளர்ச்சியா? குடும்பத்தொழிலாக இருக்க வேண்டுமென்ற நிபந்தனையை எடுக்க வேண்டும், வயதை 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு சர்க்கார் கேட்டு, 2024-ல் அந்தத் திட்டத்தை அப்படியே நடத்த மறுத்து, பின்பு 35 வயதை அளவாக வைத்துத் தனியாகவே கைவினைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டதை நாம் மனமார ஆதரிக்கின்றோம்.

ஆதலால் நாம் சொல்லுவதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். படகுக் கணக்கு எழுதின பிள்ளை படகுக்கே போக வேண்டுமென்பது குலக்கல்வி. படகுக் கணக்கு எழுதினவனுக்கு எந்த ஆபீசின் கணக்கையும் எழுதத் தெரியும் என்று அவனுக்கே உணர்த்தி, குறைவாக உள்ளதைக் கல்லூரியிலிருக்கும்போதே கற்பித்து, அவன் இஷ்டப்பட்ட இடத்துக்கு அனுப்புவது சுயமரியாதைக் கல்வி. ஒருவனுக்குக் கடல்மேலேயே மனம் இருந்தால் அதற்கும் வழியிருக்கிறது. 1947-ல் ஏற்பட்ட மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971-ல் கொச்சிக்குப் போகிறவரையில் மண்டபத்தைத்தான் தலைமையிடமாக வைத்திருந்தது. இன்றும் மண்டபத்தில் அதன் கிளை நடக்கிறது. 2010-ல் கோபியா என்கிற மீனை இந்தியாவிலேயே முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தது அங்கேதான். அந்த வாசலைத் தாண்டிப் பரமக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகிற எத்தனை விலங்கியல் மாணவர்கள், ஒரு தடவையாவது அதன் உள்ளே போயிருப்பார்கள்?

கல்லூரிகள் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் ஒன்றுமில்லை. முதல் வருஷத்திலிருந்தே வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு நோட்டைக் கொடுத்து, அந்த வாரத்தில் வகுப்பிலோ, வீட்டிலோ, கடையிலோ, சங்கத்திலோ தான் செய்த ஒரு காரியத்தை எழுதச் சொல்ல வேண்டும். என்ன செய்தேன், எங்கே இடறிற்று, அதற்கு என்ன பண்ணினேன், முடிவு என்ன, அதை அறிந்தவர் யார் என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். தமிழிலேயே எழுதட்டும். உபாத்தியாயர் அதைப் படித்து, “நீ செய்ததற்குப் பெயர் இது, இதிலே உனக்கு இன்னும் வராதது இது” என்று சொல்லவேண்டும். இதற்கு உபாத்தியாயர் மாணவனோடு பேச வேண்டியிருக்கும். நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதைவிட இது கஷ்டமான வேலை என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். இரண்டாம் வருஷத்தில் கூட்டுறவுச் சங்கம், பஞ்சாயத்து ஆபீஸ், ஆஸ்பத்திரி, அச்சுக்கூடம், மீன் பதனிடும் இடம் என்று எங்கேயாவது ஒரு மாதம் வேலை பழகவிட வேண்டும். இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கல்லூரிக்கும் கோடை லீவு அப்போதுதான். படகு வேலையும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் பிள்ளைகள் பாலத்தடியில் சீட்டாடுகிற அந்த இரண்டு மாதத்தை எந்தக் கல்லூரியாவது கணக்கில் எடுத்துக்கொண்டதுண்டா? அந்த நாட்களில் பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்குக் கையில் பஸ் செலவாவது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் போவார்கள். மூன்றாம் வருஷத்தில் பேசப் பழக வேண்டும். முதலில் தமிழில், பிறகு அதையே இங்கிலீஷில். விஷயம் கையிலிருந்தால் பாஷை பின்னாலே வரும்.

2022 மார்ச் 1-ந் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், வருஷத்திற்கு 10 லட்சம் இளைஞர்களுக்குப் பயிற்சியளிப்பது என்ற நோக்கத்தோடு கல்லூரிப் பாடத்துக்குள்ளேயே திறன் வகுப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. நல்ல காரியம், மாணவர்கள் தவறாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாதவனுக்கு எத்தனை வகுப்பு வைத்தாலும், கிடைப்பது இன்னுமொரு சர்டிபிகேட்டாகவே முடியும். நாம் மேலே சொன்ன நோட்டு அதற்கு முந்தின படி. பெண் மக்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டம் வாங்கினால் மாப்பிள்ளை கிடைப்பான் என்று படிக்க வைத்துவிட்டு, பயிற்சிக்கு வெளியூர் அனுப்ப மாட்டேன் என்பது, விளக்கைக் கொளுத்திக் குடத்துக்குள் வைப்பது போலாகும்.

“படிப்பு என்பது பிழைப்புக்கு மாத்திரமா? முதலாளிகளுக்கு ஆள் தயார் செய்துகொடுக்கவா கல்லூரி?” என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. படிப்பு பகுத்தறிவுக்காகத்தான். ஆனால் தனக்கு என்ன தெரியும் என்பதை அறியாதவன், அதைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவான். கரையில் மீனின் எடை தெரியாதவனிடம் வியாபாரி என்ன விலைக்கு எடுப்பான் என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூலியை எதிர்த்துப் பேசுவதற்கும், சங்கம் வைப்பதற்கும், கூட்டத்தில் எழுந்து ஒரு தீர்மானத்தைப் பிரேரேபிப்பதற்கும் வேண்டிய திறமைகள் இவையேதான். கல்லூரி வாசலை மிதிக்காத நம் போன்றவர்கள் எழுதவும் பேசவும் கணக்கு வைக்கவும் பழகினது இயக்கத்தின் கூட்டங்களிலும் வாசகசாலைகளிலும்தான். வரவேற்புக் குழுவுக்குப் பொக்கிஷதாராக இருந்து, மிச்சம் ஒன்றேகால் ரூபாய்க்குக் கணக்குச் சொல்லிப் பழகியதுதான் இன்று பத்திரிகை நடத்த உதவுகிறது.

அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில், கோடு கிழித்திருந்த இடத்தில், அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதினது இதுதான்: “எட்டுப் பேர் வேலை செய்யும் விசைப்படகு ஒன்றின் வரவு செலவு, முன்பணம், பங்கு ஆகிய கணக்குகளை இரண்டு வருஷமாக நானே எழுதி வருகிறேன். தகராறு வந்தபோது கணக்கைப் பொதுவில் வாசித்து, பிழையைத் திருத்தித் தீர்த்திருக்கிறேன்.” பிறகு அவரே உட்கார்ந்து அதை இங்கிலீஷில் எழுதினார், இரண்டே பிழைதான் இருந்தது. எழுதி முடித்துவிட்டு, “இதைப் பார்த்தால் பொய் என்று நினைக்க மாட்டார்களா ஐயா?” என்றார். நேரில் கூப்பிட்டால் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னோம். “அதில் மீன் வாடை அடிக்குமே” என்று தயங்கினார்.

“அடிக்கட்டும், எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி” என்றோம்.